காட்டுக்கத்தி: ஓடர் கூடக்கூட அலகு வெடிக்குது

மாங்குளம்:
அண்ணைமார், எங்கடை குடும்பப் பட்டறையில லொறி வில்லுத்தகட்டில காட்டுக்கத்தி அடிக்கிறம். ஓடர் கூடினாப்பிறகு தண்ணியில தோய்க்கேக்க சில அலகு வெடிக்குது, சிலது வெட்டேக்க வளையுது. பவர் ஹாமர் (மெசினில அடிக்கிற சுத்தியல்) வாங்கினால் சரிவருமோ?

ஒட்டுசுட்டான்:
ஹாமர் கைவேலையைக் குறைக்கும், வெடிப்பை நிப்பாட்டாது. வில்லு உருக்கு எண்ணெயில தோய்க்கிற சாதி. தண்ணி சடாரெண்டு குளிராக்க, மெல்லிய வாய்ப்பக்கம் பிளக்கும். எண்ணெயை 50–60 பாகைக்குச் சூடாக்குங்கோ. அலகு காந்தத்தில ஒட்டாமல் போனாப்பிறகு இன்னும் கொஞ்சம் சூடு, ஏறத்தாழ 830 பாகை. மஞ்சளடிச்சால் கூடிப்போச்சு, உருக்குக்குள்ளை இருக்கிற மணி பருத்து உடையும். நிறத்தை நிழலில நிண்டு பாருங்கோ, வெயில் ஏமாத்தும்.

பழைய தகட்டில போல்ட் ஓட்டையைச் சுத்தின துண்டைக் கழியுங்கோ. வெடிப்பு அங்கைதான் ஒளிஞ்சிருக்கும்.

நெடுங்கேணி:
வளையிறது பெரும்பாலும் தோய்க்க முதல் சூடு காணாததால. தோய்ச்ச வாயில அரம் பிடியுங்கோ, வழுக்கினால்தான் இறுகியிருக்கு. பிறகு உடனே பதம் இறக்குங்கோ, அதாவது உடையாமல் இருக்கக் குறைஞ்ச சூட்டில திரும்ப வையுங்கோ: அவணில 230 பாகை, ஒரு மணித்தியாலம், இரண்டு தரம்.

வேறவேற லொறித் தகட்டைக் கலக்காதேங்கோ. ஒவ்வொண்டிலயும் சின்னத் துண்டு தோய்ச்சு, முறிச்சு, முறிவில மணி பருத்திருக்கோ எண்டு பாருங்கோ. ஹாமருக்கு முதல் அவணும் வெப்பமானியும் வாங்குங்கோ.

மாங்குளம்:
பழைய எஞ்சின் ஒயில் பாவிக்கலாமோ?

ஒட்டுசுட்டான்:
வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. சமையல் எண்ணெய் காணும். தீப்பிடிச்சால் அமத்த இரும்பு மூடி பக்கத்தில இருக்கட்டும்.