பிளாக்ஜாக்கில் 11: டபுளா, ஹிட்டா?

கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோ கப்பலில் பிளாக்ஜாக் (21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டிய சீட்டாட்டம்) ஆடுகிறேன். என் கையில் 11 சேர்ந்து, டீலர் முன்னால் 10 கிடந்தால் குழம்பிப் போகிறேன். ஒரு பேசிக் ஸ்ட்ராட்டஜி அட்டவணை (எந்தக் கைக்கு எப்படி ஆடுவது என்று சொல்லும் பட்டியல்) டபுள் (பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு எடுப்பது) என்கிறது, இன்னொன்று ஹிட் (பந்தயத்தை மாற்றாமல் சீட்டு எடுப்பது) என்கிறது.

மேசை விதி இது: ஆறு கட்டு சீட்டு, பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டிலேயே 21) 3:2 என்று பணம், டீலர் சாஃப்ட் 17-இல் (ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17) நின்றுவிடுவார். முக்கியமாக, நாங்கள் ஆடி முடித்த பிறகுதான் அவர் தன் இரண்டாவது சீட்டையே எடுக்கிறார். அது ஏஸாக வந்து அவருக்கு பிளாக்ஜாக் அமைந்துவிட்டால் டபுளுக்கு வைத்த பணமும் சேர்ந்து போகும்.

வெளியான சீட்டுகளை எண்ணி, மீதி என்ன என்று கணித்துப் பார்த்தேன். மெஷின் ஓயாமல் கலைத்துக்கொண்டே இருப்பதால் பலனில்லை. இன்சூரன்ஸ் (டீலருக்கு பிளாக்ஜாக் வரும் என்று வைக்கும் தனிப் பந்தயம்) போகப்போக நஷ்டம்தான், அதைத் தொடுவதில்லை. அப்புறம், டீலரிடமும் கேட்டுப் பார்த்தேன், 'உங்கள் இஷ்டம் சார்' என்கிறார்.

இந்த விதியில் டீலரின் 10-க்கு எதிரே என் 11-ஐ டபுள் செய்யலாமா, வெறும் ஹிட்தான் சரியா?