வீட்டுப் பேச்சை "இது ஆங்கிலமே இல்லை" என்று பள்ளி சொல்லலாமா?

டட்லிக்காரன்:
இங்கிலாந்தில் டட்லிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மகளுக்கு ஒன்பது வயது. போன வாரம் வகுப்பில் "ஐ கோர் டூ இட்" என்று சொல்லியிருக்கிறாள். 'கான்ட்' என்பதற்கு இந்த பிளாக் கன்ட்ரிப் பக்கத்தில் 'கோர்' என்பார்கள், அவள் தோழிகள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். ஆசிரியை மொத்த வகுப்புக்கு முன்னால் "இது ஆங்கிலமே இல்லை" என்று சொல்லி, சரியாகச் சொல்லும் வரை நிற்க வைத்திருக்கிறார். அன்றிலிருந்து பிள்ளை கை தூக்குவதே இல்லையாம். இது புதிதும் இல்லை. 2013இல் பக்கத்து ஹேல்ஸ்ஓவனில் ஒரு தொடக்கப் பள்ளி 'கோர்', 'வோர்' ('வாஸன்ட்' என்பதற்கு இங்கே சொல்வது) மாதிரி பத்துச் சொற்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது, பெற்றோருக்கே கடிதம் போனது. எனக்குக் கோபம் வருகிறது. நான் கோபப்படுவது சரிதானா என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நிற்க வைத்தது தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திருத்தியது தப்பில்லை சகோ. 2012 செப்டம்பரில் இருந்து அமலில் உள்ள ஆசிரியர் தர விதிகளிலேயே, எந்தப் பாடம் எடுத்தாலும் பொது ஆங்கிலத்தை, அதாவது 'ஸ்டாண்டர்ட் இங்கிலீஷை', சரியாகப் பயன்படுத்துவதை ஆசிரியர் வளர்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஆறாம் ஆண்டு வகுப்பில் 2013 முதல் இலக்கணத் தேர்வு வேறு, எந்த வாக்கியம் பொது ஆங்கிலம் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லியே அதில் கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்கு நிறமும் பெயரும் ஏற்கெனவே ஒரு தடை. அதன்மேல் இதையும் ஏற்ற வேண்டுமா? நேர்காணலில் நான் வாய் திறந்த முதல் நிமிடமே எதிரில் இருந்தவர் முகம் மாறியதைப் பார்த்தவன் நான். என் மகனுக்கு அது நடக்கக் கூடாது.

வாத்தியாரம்மா:
நான் மிடில்ஸ்பரோ பக்கம் வகுப்பு உதவியாளர். இங்கேயும் 2013 பிப்ரவரியில் ஒரு பள்ளி பெற்றோருக்கு இப்படிப் பட்டியல் அனுப்பி நாடு முழுக்கச் செய்தியானது. அதில் ஒன்று 'யூஸ்', அதாவது 'நீங்கள்' என்று பலரைச் சொல்வது. யோசித்துப் பாருங்கள், நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஒருவருக்கு 'தௌ', பலருக்கு 'யூ' என்று இருந்தது, அப்புறம் 'தௌ' பேச்சில் இருந்து பெரும்பாலும் போய்விட்டது, ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல்தான் மிஞ்சியது. அந்த ஓட்டையை அடைக்க மக்கள் உண்டாக்கியது 'யூஸ்'. 'கோர்', 'வோர்' இரண்டும் அப்படித்தான், எதிர்மறைக்குக் கடைசியில் 'நாட்' ஒட்டாமல் உயிரொலியை மாற்றுகிறார்கள். சோம்பேறித்தனமாக உளறுகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காக உளற மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
இலக்கணம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ஆனால் விடைத்தாள் திருத்துகிறவர் 'யூஸ்' எப்படிப் பிறந்தது என்று பார்த்து மதிப்பெண் போட மாட்டார். தமிழ்த் தேர்வில் நாம் 'வந்துட்டாங்க' என்றா எழுதினோம்? 'வந்துவிட்டார்கள்' என்று எழுதினோம், யாரும் அழவில்லை.

வாத்தியாரம்மா:
நீங்கள் சொன்னதுதான் என் கட்சிக்கே ஆதாரம். 'வந்துட்டாங்க' தமிழே இல்லை என்று எந்த ஆசிரியரும் நமக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் அவரும் வகுப்பை விட்டு வெளியே வந்தால் அப்படித்தான் பேசுவார், பணக்காரரும் பேசுவார், ஏழையும் பேசுவார். எழுத்துத் தமிழை எல்லோரும் புதிதாகத்தான் கற்கிறோம். இங்கிலாந்தில் அப்படி இல்லை. பொது ஆங்கிலத்தையே வீட்டுப் பேச்சாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு 12 முதல் 15 பேர்தான் என்று பீட்டர் டிரட்ஜில் என்ற மொழியியலாளர் கணக்கிட்டார், அவர்களில் பெரும்பாலும் வசதியான குடும்பங்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை வீட்டுப் பேச்சை அப்படியே பள்ளிக்குள் கொண்டுவருகிறது, மற்ற பிள்ளைகளிடம் மட்டும் அதை வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறோம். வீட்டு மொழியைப் பள்ளி வாசலில் உதறிவிட்டு வர எந்தக் குழந்தையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று 1975இல் அரசு நியமித்த புல்லக் குழுவே எழுதிவைத்தது.

நாஞ்சில்நாட்டான்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நம் பக்கம் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள் அக்கா. சென்னைக் கல்லூரியில் என் நாகர்கோவில் பேச்சுக்கு ஒரு வருடம் முழுக்கச் சிரித்தார்கள். 'கொச்சை' என்ற சொல்லை யார் யார் பேச்சுக்கு ஒட்டுகிறோம் என்று பார்த்தாலே தெரியும்.

கணக்குப்பிள்ளை:
அதனால்தான் சொல்கிறேன், உலகம் சிரிக்கும், பிள்ளையைத் தயார் செய்யுங்கள். 1996 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லாந்து கல்வி வாரியம் கறுப்பினப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சை அங்கீகரித்தபோது என்ன நடந்தது? கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனே முதலில் எதிர்த்தார்.

வாத்தியாரம்மா:
முதலில் எதிர்த்தார், அப்புறம் மாற்றிக்கொண்டார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொது ஆங்கிலத்துக்குப் பதிலாக அதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் கொதித்தார்கள். வீட்டுப் பேச்சில் தொடங்கிப் பொது ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதுதான் நோக்கம் என்று விளக்கிய பிறகு அவர் நிலை மாறியது. 1979இலேயே மிச்சிகனில் ஆன் ஆர்பர் வழக்கில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர், வாசிப்பு சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பள்ளி மாவட்டத்துக்கு உத்தரவிட்டார். மொழி வேறாக இருப்பதை விட, ஆசிரியர் அதைத் தவறாக நினைத்து நடந்துகொள்வதுதான் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறது என்பதுதான் அந்த வழக்கின் சாரம்.

நான் வகுப்பில் செய்வது சின்ன வேலைதான். பலகையில் ஒரு பக்கம் 'ஐ டன் இட்', மறுபக்கம் 'ஐ டிட் இட்'. எது விளையாட்டு மைதானத்தில், எது தேர்வுத்தாளில் என்று பிள்ளைகளே பிரிப்பார்கள். பத்து நிமிடம் போதும், யாரும் தலை குனிய வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எல்லா ஆசிரியருக்கும் அந்தப் பத்து நிமிடம் கிடைக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிடைத்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'கோர்' பேசினாலும் பரவாயில்லை என்று ஒன்பது வயதுக்காரியிடம் நான் சொல்ல மாட்டேன். பதினெட்டில் அந்த விலையைக் கொடுக்கப்போவது அவள்தான்.

டட்லிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை பள்ளியில் சந்திப்பு. பலகையில் இரண்டையும் எழுதும் முறையைக் கேட்கப் போகிறேன், இனி வகுப்பு நடுவில் நிற்க வைக்க வேண்டாம் என்றும் சொல்லப் போகிறேன். அதை விடக் கஷ்டம் வீட்டில்தான். ஆசிரியை சொன்னதைக் கேட்டதில் இருந்து மனைவியும் சாப்பாட்டு மேசையில் திருத்த ஆரம்பித்துவிட்டாள். நேற்று இரவு மகள் "சோறு போதும்" என்பதைத் தலையாட்டித்தான் சொன்னாள்.