மதுபோதை வழக்கு: காவல்துறையின் எந்தப் பிழை எடுபடும்?

இளநிலை வழக்கறிஞர்: வணக்கம். மது அருந்தி வாகனம் ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்காக முதன்முறையாக ஆஜராகிறேன். வாகனத்தை நிறுத்திய நான்காம் நிமிடத்திலேயே அவரை மூச்சுக் கருவியில் ஊதவைத்ததாக அறிக்கை கூறுகிறது. வண்டி எண்ணிலும் ஓர் எழுத்து தவறாக உள்ளது. எதை முன்வைத்து வாதாடுவது?

மூத்த வழக்கறிஞர்: வண்டி எண்ணை விட்டுவிடுங்கள், எழுத்துப்பிழை என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். நான்கு நிமிடம்தான் உங்கள் பிடி. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றிலுள்ள மதுவைப் பெரும்பாலான கருவிகள் ஏறத்தாழ 2,100 மடங்காக்கி இரத்த அளவாகக் காட்டுகின்றன என்பதால், சற்றுமுன் குடித்ததாலோ ஏப்பத்தாலோ வாயில் தங்கிய சிறிதளவு மதுகூட அளவைப் பெரிதாக உயர்த்திவிடும். 15 முதல் 20 நிமிடம் வரை ஆளைக் கண்காணித்த பிறகே ஊதவைக்கும் நடைமுறை பல இடங்களில் இருப்பது இதனால்தான். கருவியின் அளவுத்திருத்தப் பதிவேட்டையும் கேட்டுப் பெறுங்கள்.

ஆய்வகப் பணியாளர்: இரத்தமும் எடுத்திருந்தால், ஊசி குத்துமுன் தோலை எதைக் கொண்டு துடைத்தார்கள் (ஆல்கஹால் கலந்த திரவமா), குழாயில் சோடியம் ஃபுளோரைடு என்ற பதப்பொருள் இருந்ததா, முத்திரையிட்ட மாதிரி யார் யார் கை மாறி எங்கே குளிரூட்டி வைக்கப்பட்டது என்பவற்றையெல்லாம் பாருங்கள். பதப்பொருள் போதாத மாதிரியில் நுண்ணுயிர்கள் நொதித்து மதுவை உண்டாக்கக்கூடும். ஆனால் நெடுநாள் வைத்திருந்தால் அளவு குறையவும் செய்யும் என்பதால், இந்த வாதம் எப்போதும் உங்களுக்கே சாதகமாக அமையும் என்று எண்ண வேண்டாம்.

ஓய்வுபெற்ற காவல் அதிகாரி: முதல் ஊதலை மட்டும் வைத்து மகிழ்ந்துவிடாதீர்கள், தம்பி. உரிய நேரம் காத்திருந்து எடுத்த இரண்டாவது அளவும் ஏறத்தாழ அதுவேயானால், நான்கு நிமிட வாதம் நிற்காது. இரண்டாவது எடுத்தார்களா?

இளநிலை வழக்கறிஞர்: எடுத்தார்கள், ஐயா. முதலாவது, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 110 மில்லிகிராம்; 19 நிமிடம் கழித்து 48.

மூத்த வழக்கறிஞர்: உடல் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 15 முதல் 20 மில்லிகிராம்தான் குறைக்கும். 19 நிமிடத்தில் 62 குறைந்ததற்கு வாயில் தங்கிய மதுவே முதலில் நினைவுக்கு வரும் காரணம். அரசுத் தரப்பு 110-ஐ நம்பியிருந்தால் அது ஆட்டம் காணும். ஆனால் உங்கள் சட்டத்தின் வரம்பு 48-க்கும் கீழே இருந்தால் இந்த வாதம் தண்டனையின் அளவுக்குத்தான் உதவும். குறுக்கு விசாரணையில் இரண்டு நேரங்களையும் இரண்டு அளவுகளையும் அதிகாரியின் வாயாலேயே சொல்லவைத்துவிட்டு அமர்ந்துவிடுங்கள். ஏன் குறைந்தது என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.