இயற்பியல் படித்தவனுக்கு எல்லாக் கடலும் ஒரே தொட்டியா?

தென்கடலான்:
மீன்பிடித் தடைக்காலம் பற்றிய திரியில் பௌதிகன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. "எந்தத் துறைப் பிரச்சினையையும் இயற்பியல் படித்தவனிடம் கொடுங்கள், வேண்டாததைக் கழித்துவிட்டு விடையைச் சொல்வான். கடலோடிகளுக்கே பிடிபடாத மீன் கணக்கை வோல்ட்டெரா என்ற இயற்பியலாளர் கரையில் உட்கார்ந்தே தீர்த்தார்" என்கிறார். ஐயா, வோல்ட்டெரா கணிதக்காரர். முதல் வரியே ஓட்டை வள்ளம்.

பௌதிகன்:
கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் உலகப் போரின்போது இத்தாலிக்குக் கிழக்கே உள்ள ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அங்கிருக்கும் ஃபியூமே துறைமுகத்துக்கு வந்த மீனில் சுறா, திருக்கை வகையின் பங்கு 1914இல் சுமார் 12 சதவீதம், 1918இல் 36. வலை குறைந்தால் எல்லா மீனும்தானே பெருக வேண்டும்? மற்ற மீனைத் தின்னும் இந்த வகையின் பங்கு மட்டும் ஏன் இப்படி ஏறியது? வோல்ட்டெராவின் மகளைக் கட்டிய விலங்கியலாளர் டான்கோனாதான் இந்தக் கேள்வியை அவரிடம் கொண்டுபோனார். 1926இல் வோல்ட்டெரா போட்டது இரண்டே சமன்பாடு. இரையும் தின்னியும் வாயு மூலக்கூறுகள் மாதிரி மோதிக்கொள்வதாக வைத்துக்கொண்டார். அளவாகப் பிடித்தால் சராசரியில் இரை மீன் கூடும், தின்னி குறையும். பிடிப்பதைக் குறைத்தால் தலைகீழ். இது இயற்பியல் சிந்தனை இல்லாமல் வேறென்ன? அவர் 1882இல் பீசாவில் பட்டம் வாங்கியதும் இயற்பியலில்தான். 1900இலிருந்து ரோமில் கணித இயற்பியல் பேராசிரியர்.

தென்கடலான்:
"கணித இயற்பியல்." முதலில் எந்தச் சொல் நிற்கிறது, வாத்தியாரே? நானும் இளங்கலைக் கணிதம் படித்துவிட்டுத்தான் வலை இழுக்கிறேன். தொகையீட்டுச் சமன்பாட்டில் ஒரு வகைக்கே அவர் பெயர். கணிதக்காரர்.

கீழக்கரைப் பெண்:
காக்காமார், அதாவது அண்ணன்மார் இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. இயற்பியல் சிந்தனை என்றால் என்ன என்று யாராவது சொன்னீர்களா? கூட்டிக் கழிப்பதா, எதை விடலாம் என்று தேர்வதா? இதே சமன்பாடுகளை லோட்கா என்பவர் தனியாகவே கண்டுபிடித்து 1925இல் புத்தகமாகவும் போட்டார். அவர் இயற்பியல் வேதியியல்காரர். அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

தென்கடலான்:
லோட்காவை யார் கேட்டார்கள், தங்கச்சி? பேச்சு வோல்ட்டெராவைப் பற்றி. கணிதக்காரர்.

தொண்டியான்:
எனக்குப் பட்டமெல்லாம் தெரியாது. மீன் மூலக்கூறு மாதிரி மோதுகிறது என்பதுதான் சிரிப்பாக இருக்கிறது. சூடை மீன் தனித்தனியாகவா திரிகிறது? கூட்டமாகப் போகும், அதைத் தின்னும் சீலா அந்தக் கூட்டத்தின் ஓரத்தில்தான் அடிக்கும். நீவாடு, அதாவது நீரோட்டம், மாறினால் நேற்று வலை கிழியக் கிடைத்த இடத்தில் இன்று சொறி மீன்தான். பாரில், அதாவது கடலடிப் பாறையில், பதுங்கும் மீன் வேறு, சேற்றில் கிடக்கும் மீன் வேறு. கடலைக் கலக்கிவிட்ட தொட்டியாக நினைத்தால்தான் அந்தச் சமன்பாடு.

பௌதிகன்:
உண்மை. ஆனாலும் எந்தப் பக்கம் சாயும் என்று சரியாகச் சொன்னதல்லவா? சதவீதம் சொல்ல வேண்டுமென்றால்தான் கூட்டமும் நீவாடும் தேவை. நம் ராமேசுவரம் கலாமைப் பாருங்கள். ஏவுகணைக்குச் செய்த கலப்புப் பொருளை எடுத்து, போலியோ பிள்ளைகள் கிலோக்கணக்கில் இழுத்து நடந்த கால் தாங்கியைச் சில நூறு கிராமுக்குக் குறைத்தார்கள். அவரும் இயற்பியல் பட்டதாரி.

தென்கடலான்:
அவர் வானூர்திப் பொறியியல்! திருச்சியில் படித்த இயற்பியலை வைத்தா ஏவுகணை விட்டார்? எல்லாரையும் உங்கள் ஆளாக்கிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், துறை தாண்டிய விடைக்கு என்னிடமும் சாட்சி இருக்கிறது. போன ஆடியில் கச்சான் காற்று தூக்கியபோது, நங்கூரக் கயிறு தாங்குமா என்று இதே பௌதிகனிடம் கேட்டேன். காற்றின் வேகம், வள்ளத்தின் எடை எல்லாம் போட்டு, "இதைவிட இரண்டு மடங்கு தாங்கும்" என்றார். விடியக்காலை போய்ப் பார்த்தால் வள்ளம் கரையில் சாய்ந்து கிடக்கிறது. 12 பாகம் கயிற்றில் மிச்சம் நாலு பாகம், நுனி தேங்காய் நார் மாதிரி பிரிந்து, சிப்பித் தூள் ஒட்டியிருந்தது. பாரில் உரசும் என்பது சமன்பாட்டில் இல்லையே!

பௌதிகன்:
அடி மணலா பாரா என்று அன்றே கேட்டேன். "மணல்தான்" என்றது யார்?

தென்கடலான்:
மணல்தான். மணலுக்குள் ஒரு பார்.

தொண்டியான்:
அண்ணே, அந்த இடத்தில் நாட்டுப்படகுக்காரன் எவனும் கட்டமாட்டான். விசைப்படகு வைத்திருக்கும் உங்கள் சின்னையாதானே அங்கே கட்டச் சொன்னார்? தடைக்காலமென்று ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் சும்மா இருந்துவிட்டு, அடுத்த வாரமே கரையோரம் வந்து எங்கள் வலையை அறுப்பவரும் அவர்தானே?

தென்கடலான்:
சின்னையாவை இழுத்தால் நானும் உன் மச்சானின் தடைசெய்யப்பட்ட இரட்டைமடி வலையை இழுப்பேன், தம்பி.

தொண்டியான்:
மச்சான் அதை விற்று வருஷமாகிறது!

கீழக்கரைப் பெண்:
ஏட்ரியாட்டிக்கில் தொடங்கி மச்சான் வலைக்கு வந்தாயிற்று. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இந்தச் சண்டையை வோல்ட்டெரா பார்த்தால் அவரே சிரிப்பார். 1931இல் பாசிச அரசுக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து வேலையை இழந்தவர், மனுஷன். பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்றா கவலைப்பட்டிருப்பார்?

தென்கடலான்:
நல்ல மனுஷன், சரி. கணிதக்காரர். விடியக்காலை மூணு மணிக்குக் கடலுக்குப் போகணும், வந்து எழுதுகிறேன்.

பௌதிகன்:
பீசா, 1882, இயற்பியல். போய் வாருங்கள். இந்தத் தடவை மணலில் கட்டுங்கள்.

தொண்டியான்:
அறுந்த கயிற்றின் படம் எங்கே, அண்ணே? போன ஆடியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.