அப்பத்தாவின் எனாமல் தூக்கு ஆன்டிக்கா, வின்டேஜா?

மங்குக்காரி:
காரைக்குடியில் எங்கள் வளவில் பாதியைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். பங்காளிகள் பிரித்துக்கொண்டது போக அப்பத்தா பங்குக்கு வந்ததில் ஒரு நாலடுக்கு எனாமல் தூக்கும் இருக்கிறது. கிளிப்பச்சை நிறம், அடியில் ஸ்வீடனில் செய்தது என்று முத்திரை, மூடி ஓரத்தில் மட்டும் எனாமல் தெறித்துப்போய் உள்ளே இரும்பு கறுப்பாகத் தெரிகிறது. கல்யாணச் சாமான் சிட்டையில் 1956 என்று இருக்கிறது. விற்கலாமென்று படம் போட்டு, ஆங்கிலத்தில் ‘ஆன்டிக் டிபன் கேரியர்’ என்று எழுதினேன். கானாடுகாத்தானில் வந்து தங்கியிருக்கும் ஒரு பிரெஞ்சு அம்மா, "வாங்கிக்கொள்கிறேன், ஆனால் இது ஆன்டிக் இல்லை, வின்டேஜ், மாற்றி எழுதுங்கள்" என்று பதில் போட்டிருக்கிறார். அப்பத்தா கல்யாணத்துச் சாமான் பழசு இல்லாமல் வேறென்ன?

அகராதிப்பூனை:
அந்த அம்மா சொன்னதுதான் சரி. பழசு எல்லாம் ஆன்டிக் ஆகிவிடாது, வயசுக் கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1930-ம் வருஷச் சுங்கச் சட்டம் 1830-க்கு முன்னால் செய்த பொருளைத்தான் ஆன்டிக் என்று வரி இல்லாமல் உள்ளே விட்டது, அப்புறம் 1966-ல் அதை 100 வருஷம் தாண்டிய பொருள் என்று மாற்றினார்கள். பழம்பொருள் வியாபாரிகளும் அந்த 100-ஐயே பிடித்துக்கொண்டார்கள். உங்கள் தூக்கு 2056-ல் ஆன்டிக் ஆகும். அதுவரை பரணில் கிடக்கட்டும்.

கல்லுக்கட்டி கடைப்பையன்:
அண்ணே, நான் முனீஸ்வரன் கோயில் தெருவில் நாலு வருஷமாகப் பழைய சாமான் துடைக்கிறவன். இங்கே கதவு நிலையும் ஆன்டிக், வால்வு ரேடியோவும் ஆன்டிக், நேற்று வந்த ஊறுகாய் ஜாடியும் ஆன்டிக். வெளிநாட்டுக்காரர்களும் ‘ஆன்டிக் ஸ்ட்ரீட் எங்கே’ என்று கேட்டுத்தான் வருகிறார்கள், ஒருத்தராவது ‘வின்டேஜ் ஸ்ட்ரீட்’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நகைக்கடைக்குப் போங்கள், போன மாசம் பட்டறையில் உருக்கி ஊற்றிய ஆரத்தை மங்கலாக மெருகு போட்டு ஆன்டிக் நகை என்று விற்கிறார்கள். அதுக்கு எங்கே 100 வருஷம்? ஊரே ஒரு அர்த்தத்தில் சொன்னால் அதுதான் அர்த்தம்.

அகராதிப்பூனை:
தம்பி, நகை விஷயத்தில் மாட்டிக்கொண்டாய். அங்கே அந்தச் சொல் அடைமொழியாக வருகிறது, பழைய சாயலில் இருப்பது என்ற பொருளில். ஆங்கிலத்தில் அதுவும் தப்பில்லை, ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று தாராளமாகச் சொல்லலாம். புதுசைப் பழசாகக் காட்டும் வேலைக்கு அதையே வினைச்சொல்லாகவும் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ‘திஸ் இஸ் ஆன் ஆன்டிக்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொன்னால் அது வயசுக்கு வாக்குக் கொடுக்கிற மாதிரி. வாங்குகிறவர் அந்த வயசுக்குத்தான் காசு கொடுக்கிறார். தேவகோட்டையில் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

அப்புறம் வின்டேஜ். அது திராட்சைத் தோட்டத்துச் சொல். அறுவடைக்கும், எந்த வருஷத்து அறுவடையில் செய்த ஒயின் என்பதற்கும் சொல்லிக்கொண்டிருந்தது, பிறகுதான் கார், துணி, பாத்திரம் என்று பரவியது. ஒரு காலத்தின் முத்திரை பொருளில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 1956 தூக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது.

கல்லுக்கட்டி கடைப்பையன்:
சரி, அப்படியானால் ஒயினுக்கான சொல்லைத் தூக்குக்குச் சொல்லலாம், ஆன்டிக் மட்டும் நகரக் கூடாதா? நல்ல நியாயம். கேள்வி கேட்டவர் பெயரையே பாருங்கள். மலாய்க்காரர்களுக்கு ‘மங்குக்’ என்றால் வெறும் கிண்ணம். நம் ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ண, போன இடத்திலிருந்து கப்பலேறி வந்ததும் பீங்கான், எனாமல், தட்டு, கோப்பை எல்லாமே மங்குச் சாமான் ஆகிவிட்டது. மலாக்காவிலிருந்து யாராவது வந்து ஆச்சிமாரிடம் ‘இது கிண்ணம் இல்லை, மாற்றிச் சொல்லுங்கள்’ என்றார்களா?

அகராதிப்பூனை:
மங்கு வாதம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ மங்கு என்று சொல்வது ஆச்சியிடம். இவர் எழுதியிருப்பது பிரெஞ்சு அம்மாவுக்கு.

மூன்றாங்கட்டு:
நடுவில் வருகிறேன். என் பெரியப்பா வீட்டை விடுதியாக்கினபோது ‘பழமை வாய்ந்த’ என்று நினைத்து வாசல் போர்டில் ‘ஆன்டிக்வேட்டட் மேன்ஷன்’ என்று எழுதி வைத்தார். காலாவதியான மாளிகை என்று அர்த்தம். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலை, எல்லாம் இருந்தும் வந்தவர்கள் போர்டைப் படம் எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு வருஷம் கழித்து ஒரு வெள்ளைக்காரப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. ‘ஆன்டிக்’ என்று குறுக்கி உச்சரிக்கவும் வேண்டாம், ஆங்கிலத்தில் ‘ஆன்டீக்’ என்று இழுக்க வேண்டும். குறுக்கினால் அது கோமாளிச் சேட்டை. வேர் என்னவோ ஒன்றுதான், ரோமாபுரி இடிபாட்டுச் சுவரில் இருந்த விசித்திர உருவங்களைப் பார்த்து இத்தாலிக்காரன் ‘அன்டீகோ’ என்று சொன்னது அப்படித் திரிந்துவிட்டது.

மங்குக்காரி:
எழுத்தில் இனிமேல் மாற்றுகிறேன், வாயில் ஆன்டிக்தான் வரும். சரி, இன்னொன்று. அதே பங்கில் ஒரு பித்தளைச் சம்புடம் இருக்கிறது. மூடியில் அப்பத்தாவின் ஐயா தலைப்பெழுத்தும் ‘விரோதிகிருது வருஷம்’ என்றும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. இதையாவது ஆன்டிக் என்று எழுதலாமா? அந்த அம்மா இதையும் கேட்கிறார்.

கல்லுக்கட்டி கடைப்பையன்:
விரோதிகிருது 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஆச்சி. 1911-ம் இருக்கிறது, 1971-ம் இருக்கிறது. எது?

மங்குக்காரி:
பெயருக்கு உரியவர் ரங்கூனிலிருந்து 1942-ல் நடந்து வந்தவர், 1950-லேயே போய்விட்டார். 1911-தான்.

அகராதிப்பூனை:
அப்படியானால் தாராளமாக ஆன்டிக் என்று எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

மூன்றாங்கட்டு:
பூனையார் கையெழுத்துப் போடுவார், விமான நிலையத்தில் மாட்டுவது நீங்கள். நம் நாட்டில் 1972-ல் போட்ட தொல்பொருள் சட்டம் இருக்கிறது. கலை, கைவினை, பழக்கவழக்கம் காட்டும் பொருள் 100 வருஷம் ஆனால் அதற்குள் வரலாம், கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருஷமே போதும். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டத்தில் இருக்கிற சொல் ‘ஆன்டிக்விட்டி’, ஆன்டிக் இல்லை, ஆனால் விலைச்சீட்டில் ‘100 வருஷ ஆன்டிக்’ என்று நீங்களே எழுதிக்கொடுத்தால் சுங்கத்துக்காரர் கேட்கத்தான் செய்வார். தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்க முடிந்தால் அனுப்பலாம்.

கல்லுக்கட்டி கடைப்பையன்:
பார்த்தீர்களா, சரியான வார்த்தை போட்டால் விற்க முடியாது. அதுக்குத்தான் நாங்கள் எல்லாத்தையும் ஆன்டிக் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

மங்குக்காரி:
தூக்குக்கு வின்டேஜ் என்று மாற்றிவிட்டேன், அந்த அம்மா நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறார். சம்புடத்தை அப்பத்தா புளி போட்டு விளக்கிக்கொண்டிருக்கிறார், முறுக்கு வைக்க வேண்டுமாம்.