அடிப்படை உரிமை மனு: ஒரு மாதக் கெடு பற்றி உதவி தேவை

வணக்கம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்ட இளைஞர்களுக்காக இலங்கை அரசியலமைப்பு உரிமைகள் பற்றிச் சின்னக் கையேடு ஒன்று தயாரிக்கிறோம். சட்டம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சரிபார்த்துத் தாருங்கள்.

பெரிய கவலை கால எல்லைதான். அரச அதிகாரி ஒருவர் 12ஆம் உறுப்புரை தரும் சமத்துவத்தை மீறினால், 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பலர் முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். தகவல் அலுவலர் முடிவு சொல்லவே 14 வேலை நாள் இருக்கிறது. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்தால் மாதத்தின் பெரும்பகுதி ஓடிவிடும். அந்த விண்ணப்பம் கெடுவை நிறுத்தாது.

அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு). முறைப்பாட்டுப் பிரதியோடு நின்றுவிடாமல், விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதத்தையும் கேட்டு வாங்குவது அவசியம்.

தமிழில் எழுதிய முறைப்பாட்டு மாதிரி யாரிடமாவது இருக்கிறதா? பெயர், அடையாள அட்டை இலக்கத்தை மறைத்து அனுப்புங்கள். சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தபோது 22ஆம் உறுப்புரையைக் காட்டித் தமிழில் கேட்டு வாங்கியவர்கள், என்ன வாசகம் எழுதினீர்கள் என்றும் சொல்லுங்கள்.