புதுப்பிப்பு: காட்பாடியிலிருந்து சிங்கப்பூர் போய் வந்தோம் – ரயில் கார்டு, ஜிஎஸ்டி ரீஃபண்ட்

குடும்பமாகச் சிங்கப்பூர் போகிறோம், எம்ஆர்டி ரயிலுக்கு எந்தக் கார்டு நல்லது, வாங்கும் சாமானுக்கு வரி திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நல்லபடியாகப் போய் வந்தாயிற்று.

நம்மூர் வங்கியின் விசா கார்டையே கேட்டில் தட்டலாம் என்று ஒருவர் சொன்னார். தட்டலாம்தான். ஆனால் வெளிநாட்டுக் கார்டுக்குப் பயன்படுத்தும் நாளெல்லாம் 60 சென்ட் கூடுதல், ஆளுக்கொரு வங்கிக் கார்டும் வேண்டும். முன்கூட்டிப் பணம் போட்டுத் தட்டும் ஈசி-லிங்க் பயணக் கார்டை வாங்கச் சொன்ன ஆம்பூர் அண்ணன் யோசனைதான் எங்கள் கூட்டத்துக்குச் சரிப்பட்டது. 90 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் இல்லை.

அப்புறம் வரி. ரீஃபண்ட் தரும் கடையில் குறைந்தது 100 சிங்கப்பூர் டாலருக்கு வாங்கி, அங்கேயே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அதே கடையில் அதே நாளில் வாங்கிய மூன்று பில் வரை சேர்க்கலாம். ஆனால் சித்தி பில்லோடு என் பில் சேராது. 9% ஜிஎஸ்டி முழுசாகவும் வராது, கட்டணம் பிடித்துக்கொள்கிறார்கள். சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் போடுவதற்கு முன்பே ரீஃபண்ட் மெஷினுக்குப் போய்விடுங்கள். சாமானைக் காட்டச் சொல்லலாம், அதனால் புடவைக்கு அடியில் புதைக்காதீர்கள்.

எதிர்பாராதது: லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சென்டர் உணவுக் கடைகளில் தோசை சாப்பிட்டு அம்மா கை கழுவ எழுந்தார். பக்கத்து மேசைப் பாட்டி தட்டைக் காட்டித் தலையை ஆட்டினார். நாமே எடுத்துப்போய் ரேக்கில் வைக்க வேண்டுமாம். ஹலால் தட்டுக்குத் தனி ரேக். வைக்காவிட்டால் அபராதம்கூட உண்டு.

சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் அரைவல் கார்டு அரசுத் தளத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் பக்கமே போகாதீர்கள்.